எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லத்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. எழுதிவைத்த வசனமோ ஒத்திகையோ இல்லாமல் மேடையிலேயே உருவாக்கி நடிக்கும் 'இம்ப்ராவ்' நாடகத்துக்கான ஒருநாள் பயிலரங்கு ஒன்றுக்குப் போயிருக்கிறீர்கள். எதிரில் இருப்பவர் எதைச் சொன்னாலும் 'ஆமாம்' என்று ஏற்று, கூடவே ஒன்றைச் சேர்த்துச் சொல்லும் 'யெஸ், அண்ட்' விதி உங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வீட்டில் ஒரு வாரம் செய்து பார்த்தீர்கள். "எதைக் கேட்டாலும் தலையாட்டுறீங்களே, மனசு இங்க இல்லையா?" என்று மனைவி கேட்டுவிட்டார். நீங்கள் தன்னார்வலராக இருக்கும் நூலகக் குழுவிலோ, யார் எந்த யோசனை சொன்னாலும் முதல் நிமிடத்திலேயே வெட்டிவிடுகிறார்கள். கூட்டம் மௌனத்தில் முடிகிறது. மேடை விதி வாழ்க்கைக்கு ஒத்துவருமா, எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டால் ஏமாளி ஆகிவிட மாட்டோமா என்கிறீர்கள். எனக்குப் பட்டவரை, இதற்குள் ஒளிந்திருக்கும் கேள்வி இன்னொன்று: விட்டுக்கொடுக்காமலே ஒருவர் சொல்வதை ஏற்றுக்கொள்வது எப்படி?

16 வருடங்களாக ஒத்திகையில்லாத நாடகத்தில் நடித்தும் அதைச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். உங்கள் பயிலரங்கில் அந்த விதியைப் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். 1957-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 'கம்பஸ்' என்ற இம்ப்ராவ் குழுவில் நடித்துக்கொண்டிருந்த எலெய்ன் மேயும் தியோடர் ஃபிளிக்கரும், எந்தக் காட்சி தேறுகிறது, எது படுத்துவிடுகிறது என்று வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அலசினார்கள். அந்தப் பேச்சில் மூன்று விதிகள் பிறந்தன. மேடையில் சொல்லப்பட்ட நிஜத்தை மறுக்காதே. சும்மா நிற்பதா, ஏதாவது செய்வதா என்று வந்தால் செய். நடந்துவிட்டதற்கு ஒரு காரணம் கண்டுபிடிப்பது உன் பொறுப்பு. முதல் விதியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நிஜத்தை மறுக்காதே என்கிறது. கேட்டதையெல்லாம் கொடு என்று அதில் எங்கேயும் இல்லை.

மேடையில் ஒருவர் "படகுல தண்ணி ஏறுதுடா, குதி!" என்கிறார். "இது படகே இல்லையே" என்று மற்றவர் சொன்னால் அங்கேயே காட்சி செத்தது. இம்ப்ராவ்காரர்கள் 'பிளாக்' என்பது இதைத்தான். அதே இடத்தில் "ஏறுது, எனக்கும் தெரியுது. ஆனா நான் குதிக்க மாட்டேன், எனக்கு நீச்சல் தெரியாது" என்று சொன்னால் அது முழுமையான ஏற்பு. குதிக்க மறுத்துவிட்டார்; படகையும் தண்ணீரையும் மறுக்கவில்லை. காட்சி முன்பைவிடச் சூடுபிடிக்கிறது. நடிகர்களிலேயே பலருக்கு இந்த வித்தியாசம் பிடிபட இரண்டு மூன்று வருடம் ஆகிறது.

வீட்டில் நாம் அன்போடு போடும் பிளாக் ஒன்று உண்டு: 'அதெல்லாம் ஒண்ணுமில்ல.' பிள்ளை "எனக்குப் பள்ளிக்கூடம் போகவே பிடிக்கல" என்கிறது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, கிளம்பு" என்கிறோம். பிள்ளை தன் படகைக் காட்டியது. நாம் படகே இல்லை என்றுவிட்டோம். "பிடிக்கலையா? இன்னிக்கு மட்டுமா, கொஞ்ச நாளாவேவா?" என்று கேட்டிருந்தால் லீவு போட ஒப்புக்கொண்டதாக ஆகாது. பத்து நிமிடம் கழித்துப் பிள்ளை பள்ளிக்குத்தான் போகப்போகிறது. ஆனால் பிடிக்கவில்லை என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. உங்கள் மனைவி சங்கடப்பட்டதும் இதனால்தான் என்று ஊகிக்கிறேன். நீங்கள் கோரிக்கைகளுக்கு ஆமாம் சொல்லியிருக்கிறீர்கள். அவர் எதிர்பார்த்தது தான் சொன்னது உங்களுக்குள் போய்ச் சேர்ந்ததா என்பதற்கான அடையாளம்.

கதை சொல்பவருக்கு உம் கொட்ட ஆள் வேண்டும் என்று நம்மிடம் ஒரு பேச்சு உண்டு. உம் கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். தூக்கக் கலக்கத்தில் கொட்டுகிற உம்மையும் சொல்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். "எங்க விட்டேன், சொல்லு பாப்போம்" என்று கேட்பார். 'யெஸ், அண்ட்' என்பதில் உள்ள 'யெஸ்' இந்த உம்தான். இரண்டாம் பாதியான 'அண்ட்'டும் நம் மொழியில் 'உம்' என்றே இருப்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். "நீங்களும் வந்தீங்க, மழையும் வந்துச்சு" என்பதில் வரும் உம். முதல் உம் கேட்டேன் என்கிறது, இரண்டாவது உம் நானும் ஒரு கை போடுகிறேன் என்கிறது. வெறுமனே தலையாட்டுவதில் இந்த இரண்டாவது உம் விடுபட்டுப்போகிறது.

கேட்பதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கலை வாழ்க்கைக்குத் தருவதில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடுகிறது. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ஆம், இல்லை, செய்தேன், செய்யவில்லை, செய்யலாமா என்பதெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. ஆகவே தமிழில் ஒருவரை நடுவில் மறித்துப் பேசுகிறவர், அவர் ஆம் என்றாரா இல்லை என்றாரா என்பதையே கேட்காமல் பதில் சொல்கிறார். மேடைப் பயிற்சியில் 'கடைசிச் சொல்' என்று ஒரு விளையாட்டு உலகம் முழுக்க உண்டு: எதிராளி முடித்த சொல்லைக் கொண்டு உங்கள் வாக்கியத்தைத் தொடங்க வேண்டும். எங்கள் வகுப்பில் இதை அந்தாதி என்றே கூப்பிடுகிறோம். ஒரு பாட்டின் அந்தம் அடுத்த பாட்டின் ஆதியாகிற அதே முறை.

ஒரு வகுப்பில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரையும் கல்லூரி மாணவி ஒருத்தியையும் எதிரெதிரே உட்காரவைத்தேன். மாணவி, "வீட்டைக் காலி பண்ணிடலாம்னு அப்பா சொன்னப்ப எனக்கு அழுகையே..." என்று சொல்லி மூச்சு வாங்கினாள். அவர் முன்னால் சாய்ந்து, "அழாதம்மா, எல்லாம் சரியாயிடும்" என்றார். அவள் சொல்ல வந்தது "அழுகையே வரல" என்பது. அறை அப்படியே அமைதியாகிவிட்டது. அவர் முகத்தில் தெரிந்த திடுக்கிடலை மறக்க முடியாது. மறுபடி செய்யச் சொன்னேன். இந்த முறை அவர் உள்ளங்கையை முழங்கால்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார். "...அழுகையே வரல." "வரலன்னா... நிம்மதியா இருந்துச்சாம்மா?" "இருந்துச்சு. அதான் பயமா இருக்கு. பிறந்து வளர்ந்த வீடு, வருத்தப்பட வேண்டாமா?" அதன் பிறகு இருவரும் எட்டு நிமிடம் பேசினார்கள், யாரும் அசையவில்லை. அந்த வகுப்பில் அன்றிலிருந்து 'வினைச்சொல் வரட்டும்' என்பது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வாக்காகிவிட்டது. அவர் முழங்காலில் கைவைக்கும் பழக்கத்தை வீட்டிலும் தொடர்ந்தார் என்று பிறகு அவரே சொன்னார்.

நூலகக் குழுவுக்கு வருகிறேன். மேடைக்கான தந்திரத்தைக் குழு வாழ்க்கைக்கு இழுத்துவருகிறோமோ என்று தயங்குகிறீர்கள். அது வந்த வழியே நேர் எதிர். 1889-ல் ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் சிகாகோவில் தொடங்கிய ஹல் ஹவுஸ் என்பது, குடிபெயர்ந்து வந்த ஏழைக் குடும்பங்களுக்கான சமூக இல்லம். அங்கே நீவா பாய்ட் என்ற சமூகப் பணியாளர், விளையாட்டைக் கொண்டே மனிதர்களைச் சேர்ந்து வாழப் பழக்கலாம் என்று கற்பித்து வந்தார். அவரிடம் 1920-களில் பயின்ற வயோலா ஸ்போலின், 1939 முதல் அரசின் பொழுதுபோக்குத் திட்டத்தில் நாடக மேற்பார்வையாளராக இருந்தபோது, வெவ்வேறு மொழி பேசும் குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து நடிப்பதற்கென்று விளையாட்டுகளை உருவாக்கினார். நீண்ட விளக்கம் சொன்னால் புரியாத இடத்தில் விளையாட்டு புரிந்தது. அவருடைய மகன் பால் சில்ஸ் அந்த விளையாட்டுகளைத் தன் நடிகர்களுக்குக் கொடுத்தார். 1955-ல் கம்பஸ் குழுவும் 1959-ல் 'செகண்ட் சிட்டி' நகைச்சுவை அரங்கும் அப்படித்தான் வந்தன. ஆகவே நீங்கள் செய்ய நினைப்பது, பொருளை அதன் பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோவதுதான்.

பாராட்டுக்கும் கண்டனத்துக்கும் காத்திருக்கிற மனம்தான் விளையாட்டைக் கெடுக்கிறது என்பது ஸ்போலின் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. உங்கள் கூட்டத்தின் மௌனம் எனக்கு அதைத்தான் நினைவூட்டுகிறது. யோசனை இல்லாததால் யாரும் வாய்மூடி இருப்பதில்லை. வாய் திறந்தால் என்ன விழும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் குழுக்களில் செய்வது எளிமையானது. கூட்டத்தின் முதல் 15 நிமிடம் சேர்ப்பதற்கு மட்டும். ஒருவர் "சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாம்" என்றால் அடுத்தவர் அதன்மேல் ஒன்றை வைக்க வேண்டும்: "சொல்லலாம், பெரியவங்களும் உட்கார்ந்து கேக்கலாம்." "கேக்கலாம், அவங்கள்ல ஒருத்தரையும் சொல்லச் சொல்லலாம்." எதுவும் தோன்றாவிட்டால் "கடந்து போங்க" என்று சொல்லிவிடலாம், கட்டாயம் கிடையாது. அதற்குப் பிறகு இன்னொரு 15 நிமிடம் வெட்டுவதற்கு. பணம் எங்கே, சாவி யாரிடம், ஆள் யார் என்று கேட்பவர்கள் அப்போது மனம்விட்டுக் கேட்கலாம். இப்படிப் பிரிக்காமல் 'இனி யாரும் மறுத்துப் பேசக்கூடாது' என்று அறிவித்தால் குழு மூன்றாம் மாதத்தில் உடையும். குறை கண்டுபிடிப்பவர் குழுவுக்குத் தேவை. அவருக்கு அவருடைய நேரத்தை ஒதுக்கிக் கொடுங்கள், அவ்வளவுதான்.

இதில் ஒரு முக்கியமான சிக்கலைப் பயிலரங்குகள் பெரும்பாலும் தொடுவதே இல்லை: யார் யாருக்கு ஆமாம் சொல்கிறார் என்பது. கீத் ஜான்ஸ்டோன் என்ற பிரிட்டிஷ் ஆசிரியர், லண்டனின் ராயல் கோர்ட் அரங்கில் தொடங்கிப் பிறகு கனடாவின் கால்கரியில் பணியாற்றியவர். இரண்டு பேர் பேசினால் அங்கே எப்போதும் ஒரு மேல்-கீழ் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதை நடிகர்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர். ஸ்டேட்டஸ் என்றார். எதிராளியைவிட உங்களை ஒரே ஒரு படி மேலேயோ கீழேயோ வைத்துப் பேசுங்கள் என்பார். நிற்கும் விதம், பார்வை, தயக்கம் எல்லாம் மாறிவிடும். நமக்கு இதைத் தேடிப்போகவே வேண்டாம். வா, வாங்க என்ற இரண்டு சொல்லிலேயே அந்தப் படி இருக்கிறது. ஒரு குழுவில் இளையவர் மூத்தவரிடம் "ஆமாங்க, நீங்க சொன்னா சரி" என்பது இம்ப்ராவ் ஆகாது. அது பழைய மரியாதை. மூத்தவர், இதுவரை வாயே திறக்காத ஒருவரின் யோசனையை எடுத்து, அதன்மேல் தன்னுடையதை வைக்கும்போதுதான் கூட்டத்தின் காற்று மாறுகிறது. இதை நான் உறுதியாகவே சொல்வேன்: ஆமாம் மேலிருந்து கீழே வர வேண்டும், முதலில் வர வேண்டும். மூத்தவர் பழைய மாதிரியே வெட்டிக்கொண்டிருக்கும் குழுவில் மற்றவர்கள் மட்டும் இந்தப் பயிற்சி செய்வது வீண்.

நானும் இதில் ஒரு தவறு செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு தன்னார்வக் குழுவுக்கு, உங்களுக்குச் சொல்லப்பட்டதைப் போலவே, 'ஒரு மாதம் எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லுங்கள்' என்று சொல்லி அனுப்பினேன். மாதக் கடைசியில் போனால் குழு கலகலப்பாக இருந்தது. ஒரு பெண் மட்டும் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கணக்கு எழுதுவது, பூட்டுவது, போன் செய்து ஆள் சேர்ப்பது என எல்லாம் அவர் தலையில் விழுந்திருந்தது. அவர் ஒருவர்தான் நான் சொன்னதை எழுத்துக்கு எழுத்து நம்பிச் செய்திருக்கிறார். அடுத்த மாதம் அவர் வரவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் அந்த முகம் என்னை விட்டுப் போகவில்லை. அதன் பிறகு எந்த வகுப்பிலும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன்: ஒருவர் தருவது வேறு, கேட்பது வேறு. தன் அனுபவத்தையோ யோசனையையோ பயத்தையோ முன்னால் வைத்தால் அதற்கு ஆமாம். வேலையையோ பணத்தையோ நேரத்தையோ கேட்டால் "யோசிச்சுச் சொல்றேன்", அல்லது "முடியாது, மன்னிச்சுக்கோங்க". இரண்டும் நல்ல பதில்கள்தான்.

ஏமாளி ஆகிவிடுவோமா என்ற உங்கள் பயத்துக்கும் இதுதான் பதில். கூடவே இன்னொன்றும் உண்டு. மேடையில் ஆமாம் பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணம், அங்கே எல்லோரும் ஒரே ஒப்பந்தத்துக்குள் இருக்கிறார்கள், காட்சி முடிந்ததும் விளக்கு அணைகிறது. ஒருவர் மற்றவரை அடக்கி ஆளுகிற உறவில், மிரட்டல் இருக்கிற வீட்டில், சுரண்டுகிற வேலையிடத்தில் அந்த ஒப்பந்தம் கிடையாது. அங்கே இந்த விதியைக் கொண்டுபோகவே கூடாது. அந்த இடங்களுக்கு ஏற்றது பிரேசில் நாட்டு அகஸ்தோ போவால் வளர்த்த மன்ற அரங்கு. அதில் அநீதி நடக்கும் ஒரு காட்சியை நடித்துக் காட்டுவார்கள். பார்வையாளரில் யார் வேண்டுமானாலும் 'நிறுத்து' என்று குரல் கொடுத்து, மேடையேறி, ஒடுக்கப்படுபவரின் இடத்தில் நின்று வேறு வழியை முயன்று பார்க்கலாம். போவால் 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனிரோ நகர மன்ற உறுப்பினராக இருந்தபோது, மக்கள் இப்படி நடித்துப் பார்த்ததிலிருந்து சட்ட யோசனைகளைத் திரட்டி மன்றத்துக்குக் கொண்டுபோனார். சில சட்டமாகவும் ஆயின. ஆமாம் சொல்லப் பழகுவது எவ்வளவு பயிற்சியோ, நிறுத்து சொல்லப் பழகுவதும் அவ்வளவு பயிற்சிதான்.

ஆராய்ச்சியில் நிரூபித்திருக்கிறார்களா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஓரளவு. 2020-ல் வெளியான ஒரு சோதனையில், 20 நிமிடம் இம்ப்ராவ் செய்தவர்களை, எழுதிவைத்த வசனத்தோடு அதே போன்ற பயிற்சிகள் செய்தவர்களோடு ஒப்பிட்டார்கள். இம்ப்ராவ் செய்தவர்கள் புதுப்புது யோசனைகளை எட்டுவதிலும், அடுத்து என்ன என்று தெரியாத நிலையைத் தாங்குவதிலும் சற்று முன்னேறியிருந்தார்கள். ஆனால் அளந்தது பயிற்சி முடிந்த கையோடு. டெட்ராய்ட் பள்ளிகளில் இம்ப்ராவ் வகுப்புக்குப் போன பிள்ளைகளில், மற்றவர்முன் கூச்சமும் பதற்றமும் மிகுந்தவர்களுக்கு அது குறைந்ததாக 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. அதில் ஒப்பிட்டுப் பார்க்க வகுப்புக்குப் போகாத குழு இல்லை. ஆகவே மாற்றம் முழுவதையும் வகுப்பின் கணக்கில் எழுத முடியாது. 'இம்ப்ராவ் செய்தால் மூளையில் நம்மை நாமே கண்காணிக்கும் பகுதி அணைந்துவிடும்' என்று அடிக்கடி சொல்வார்கள். அந்தப் பேச்சின் மூலம், ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி வாசித்த 6 ஜாஸ் பியானோ கலைஞர்களைக் கொண்டு 2008-ல் வந்த ஓர் ஆய்வு. நல்ல ஆய்வுதான். ஆனால் கைதேர்ந்த இசைக்கலைஞர்கள் ஆறு பேரிடமிருந்து உங்கள் நூலகக் கூட்டத்துக்குத் தாவுவது நீண்ட தாவல். கடைசிச் சொல்வரை கேட்டால் பேச்சு மாறுகிறது என்பதை நூற்றுக்கணக்கான வகுப்புகளில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குணமே மாறிவிடும், மணவாழ்க்கை சரியாகிவிடும் என்றெல்லாம் சொல்பவர்களை நம்பாதீர்கள். கூச்சமோ பதற்றமோ அன்றாட வாழ்க்கையையே முடக்கும் அளவுக்கு இருந்தால் அதற்கு மனநல மருத்துவர்தான் ஆள். நாடக ஆசிரியரான நான் அந்த இடத்தில் ஒதுங்கிக்கொள்வேன்.

தவறு செய்தால் கைதட்டும் பழக்கத்தைப் பற்றியும் சுருக்கமாக. வகுப்பில் யாராவது தடுமாறினால் இரண்டு கையையும் தூக்கி "தப்பாயிடுச்சு!" என்று சொல்ல, மற்றவர்கள் கைதட்டுவோம். கூச்சம் விலக இதைவிட வேகமான வழியை நான் பார்த்ததில்லை. குழுவிலும் வைத்துக்கொள்ளலாம், தவறின் விலை சிறியதாக இருக்கும் இடங்களில் மட்டும். கதை சொல்லும்போது பெயர் மறந்துபோனால் கைதட்டுங்கள். வரவு செலவுக் கணக்கு விட்டுப்போனால் உட்கார்ந்து சரிபாருங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், வீட்டில் 'ஆமாம்' என்ற சொல்லை ஒரு வாரம் ஓரமாக வைத்துவிடுங்கள். மனைவி பேசும்போது வினைச்சொல் வரும்வரை காத்திருந்து, அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். நூலகக் குழுவில் உங்களைவிட மூத்தவர் இருந்தால், கூட்டத்துக்கு முன்பே அவரைத் தனியாகச் சந்தித்து அந்த 15 நிமிட ஏற்பாட்டைச் சொல்லி, முதல் உம் அவருடையதாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூத்தவர் நீங்களே என்றால், வீட்டில் யோசித்து வைத்த திட்டத்தை அன்றைக்கு எடுக்காதீர்கள். கதவோரம் உட்கார்ந்திருப்பவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு, அதில் ஒன்றைச் சேர்த்துவிட்டு அடுத்தவரைப் பாருங்கள்.